அரசு அலுவலகங்களில் அனுபவ அறிவு கைமாறாமல் போவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊழியர்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று ஒரு அரசுத் துறை முடிவெடுத்தால், பெரும்பாலும் முதல் வேலையாக ஒரு இணையதளத்தைத் தொடங்குவார்கள். எல்லோரும் அனுபவங்களை அதில் பதிவேற்றுங்கள் என்று சுற்றறிக்கை போகும். கொஞ்ச நாளில் அந்தத் தளத்தில் சுற்றறிக்கைகள் மட்டுமே கிடக்கும். சொன்னால் நமக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் யோசித்த பிறகுதான் வாய் திறக்கிறார்கள். அந்த யோசனையை மாற்றாமல் மென்பொருள் வாங்குவது வீண்செலவு.

அதைவிடப் பெரிய தவறு, மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது. "யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று மேலதிகாரி கேட்கிறார். யாரும் பேசவில்லை. சரி, பிரச்சினை இல்லை என்று கூட்டம் முடிகிறது. அப்புறம் நடைபாதையில்தான் உண்மையான பேச்சு தொடங்கும். பதவி வரிசை அழுத்தமாக இருக்கும் இடத்தில், கீழே இருப்பவர் மேலதிகாரியின் திட்டத்தில் ஓட்டை இருப்பதாகச் சொல்வது அவமரியாதையாகவே பார்க்கப்படும். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இறக்கையில் மோதியது. சேதத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள், நிர்வாகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் விண்கலம் சிதறி 7 பேர் இறந்தார்கள். விபத்துக்கு அந்த நுரைத் துண்டு எவ்வளவு காரணமோ, நாசாவின் நிறுவனப் பண்பாடும் அவ்வளவு காரணம் என்றது விசாரணைக் குழு. கூட்டத்தில் இளையவர் முதலில் பேச வேண்டும், தலைமை வகிப்பவர் கடைசியில்தான் கருத்துச் சொல்ல வேண்டும் என்று வழக்கப்படுத்தினாலே நிறைய வெளியே வரும். கெட்ட செய்தி கொண்டுவந்தவரிடமே விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தால், அடுத்த முறை அவர் வரமாட்டார்.

பணி மாறுதல் நேரத்தில் நடக்கும் தவறைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பொறுப்பை ஒப்படைக்கும் அன்று கோப்புப் பட்டியல், சாவி, முத்திரை எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்தாகும். ஆனால் எந்தக் கோப்பு எதனால் நிற்கிறது, எந்தப் படிவத்தில் மக்கள் எந்த இடத்தில் தப்பாக நிரப்புகிறார்கள், போன ஆண்டு ஒரு விண்ணப்பத்தை ஏன் நிராகரிக்க வேண்டிவந்தது என்பதெல்லாம் பட்டியலில் வராது. கோப்பில் முடிவு இருக்கும். முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பது போகிறவரோடு போய்விடும். அதனால் அலைக்கழிக்கப்படுவது, அதே சான்றிதழோடு மறுபடியும் வந்து நிற்கும் மனிதர்தான். பழையவரும் புதியவரும் சில நாட்கள் சேர்ந்து உட்கார்ந்து, நடந்துகொண்டிருக்கும் கோப்புகளைப் பார்க்க வேண்டும். ஓய்வுபெறப் போகிறவரிடம் கடைசி வாரத்தில் "எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பயனில்லை. கைப்பழக்கமாக இருப்பதை எழுதச் சொன்னால் வராது, பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

எல்லாவற்றையும் ரகசியம் என்று பூட்டிவைப்பதும் ஊறிப்போன பழக்கம். மக்களின் சொந்த விவரங்களைக் காக்கத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் பக்கத்துத் துறைக்குத் தேவையானதைக்கூட மறைப்பது ஆபத்து. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையம், உளவு அமைப்புகள் தகவல்களைத் தங்களுக்குள் பகிராததை 2004 அறிக்கையில் பெரிய குறையாகச் சுட்டியது. தேவைப்படுவோருக்கு மட்டும் என்ற பழக்கத்தைவிட்டு, பகிர வேண்டிய தேவைக்கு முதலிடம் கொடுங்கள் என்றது.

இன்னொன்று: தனி ஆளின் சாதனையை மட்டும் பார்த்துப் பதவி உயர்வு கொடுத்துக்கொண்டே கூட்டாகப் பகிரச் சொல்வது. தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றுதான் தன் இருக்கைக்குப் பாதுகாப்பு என்று நம்புகிறவரைக் குறைசொல்லிப் பயனில்லை, அப்படி நம்பவைத்தது அலுவலகம்தான். அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்ததை ஆண்டு மதிப்பீட்டில் ஒரு தனி இனமாகச் சேருங்கள். ஒரு திட்டம் முடிந்ததும், எது நடந்திருக்க வேண்டும், எது நடந்தது, வித்தியாசம் எங்கே வந்தது என்று பதவி பார்க்காமல் பேசும் வழக்கம் அமெரிக்கத் தரைப்படையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே பழகிய ராணுவத்தில் அது நடக்கிறது என்றால், மற்ற அலுவலகங்களிலும் நடக்கும். அங்கே பேசியதை வைத்து யார்மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. எடுத்தால் அதோடு அந்தக் கூட்டமும் வெறும் சடங்காகிவிடும்.