அமெரிக்காவில் எஃப்.என்.பி. படிப்பது எப்படி?

அமெரிக்காவில் ஆர்.என்., அதாவது பதிவுபெற்ற நர்ஸாக வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கும் சில வருடங்களில் இந்த யோசனை வரும். எஃப்.என்.பி. என்பவர் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர். கைக்குழந்தை முதல் தாத்தா பாட்டி வரை எல்லோரையும் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுதிக் கொடுப்பவர். நம் ஊர் எம்.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் பெரும்பாலும் பாடம் நடத்தப் போவார்கள். இது நேராக கிளினிக்கில் கொண்டுபோய் விடும் படிப்பு.

படி 1: தகுதி

பி.எஸ்சி. நர்சிங், என்க்ளெக்ஸ் என்ற உரிமத் தேர்வில் தேறி வாங்கிய ஆர்.என். உரிமம், பெரும்பாலும் 3.0 ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி). இந்தியாவில் படித்தவர்கள் மதிப்பெண்களை அமெரிக்க முறைப்படி மதிப்பீடு செய்து வாங்க வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (பாட வாரியான மதிப்பெண் பதிவு) வர இழுத்தடிக்கும், அதனால் முதல் வேலையாக அதற்கு எழுதிப் போடுங்கள்.

ஊரிலிருந்தபடியே சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்தப் படிப்புகளில் பல ஆன்லைனில்தான் நடக்கின்றன. முழுக்க ஆன்லைன் படிப்புக்கு மாணவர் விசா கிடையாது. முதலில் ஆர்.என். ஆக இங்கே வந்துவிட்டு, அப்புறம் சேருவதுதான் சுலபம்.

படி 2: கல்லூரி

நர்சிங் படிப்புகளின் தரம் பார்க்கும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா, நீங்கள் இருக்கும் மாநிலத்து மாணவர்களைச் சேர்க்கிறார்களா, இந்த இரண்டையும் பாருங்கள். ஆன்லைன் கல்லூரிகள் எல்லா மாநிலத்தவரையும் எடுப்பதில்லை.

படி 3: பிரிசெப்டர்

கட்டணத்தை விட இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பேன். 2022-இல் வந்த தேசியத் தர நெறிகளின்படி, குறைந்தது 750 மணி நேரம் நோயாளிகளை நேரடியாகப் பார்த்துப் பயிற்சி எடுக்க வேண்டும். அதற்கு ஒரு டாக்டரோ அனுபவமுள்ள நர்ஸ் பிராக்டிஷனரோ உங்களைப் பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர்தான் பிரிசெப்டர். சில கல்லூரிகள் அவரை ஏற்பாடு செய்து தரும். பல கல்லூரிகள் அதை உங்கள் தலையில் கட்டிவிடும். ஆள் கிடைக்காவிட்டால் அந்த செமஸ்டரே தள்ளிப்போகும்.

கல்லூரியில் கேட்கும்போது “உதவி செய்வோம்” என்பார்கள். அதோடு விடாதீர்கள். “எனக்கு யாரும் கிடைக்காவிட்டால் இடம் தருவது உங்கள் பொறுப்பா?” என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். குழந்தைகள் நலம், மகளிர் நலம் இரண்டுக்கும்தான் இடம் கிடைப்பது பெரும்பாடு. கூட வேலை பார்ப்பவர்கள், உங்கள் குடும்ப டாக்டர் என்று ஆறு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். காசு வாங்கிக்கொண்டு பிரிசெப்டர் பிடித்துக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு, கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

படி 4: படிப்பு

வேலை பார்த்துக்கொண்டே படித்தால் சுமார் மூன்று வருடம். நோய்க்கூறியல், மருந்தியல், உடல் பரிசோதனை மூன்றும் உயர்நிலையில் வரும். புத்தகத்தை விடப் பழக வேண்டியது முடிவெடுப்பது. லிசினோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் ஒருவர் மூன்று வாரமாக வறட்டு இருமல் என்று வருகிறார். வார்டில் என்றால் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்வீர்கள். இங்கே நீங்கள்தான் யோசிக்க வேண்டும்: மருந்தின் பக்க விளைவா, காசநோயா, இதயக் கோளாறா? மருந்தை லோசார்டன் என்ற வேறு ரத்த அழுத்த மாத்திரைக்கு மாற்றுவதா, முதலில் எக்ஸ்ரே எடுப்பதா?

படி 5: தேர்வும் உரிமமும்

ஏ.ஏ.என்.பி.சி.பி., ஏ.என்.சி.சி. என்று இரண்டு அமைப்புகள் தேர்வு நடத்துகின்றன, ஒன்றை எழுதினால் போதும். சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். முனைவர் நிலையான டி.என்.பி. கட்டாயம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், இப்போதைக்குத் தேர்வு எழுத முதுநிலைப் பட்டமே போதும்.

பிறகு மாநில உரிமம். அரிசோனாவில் தனியாகவே கிளினிக் நடத்தலாம். டெக்சாஸில் மருந்து எழுத ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். வீடு வாங்கும் யோசனை இருந்தால் இதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.