பழைய ஃபியட்டைப் பாழாக்கும் பழுதுபார்ப்புகள்

பழைய ஃபியட் ஒன்று ஷெட்டில் முடங்கிவிட்டால், "வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது" என்று பெருமூச்சு விடுகிறோம். பானெட்டைத் திறந்து பார்த்தால் கதை வேறாக இருக்கும். எஞ்சின் சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். துருப்பிடித்த தகரத்தின் மேல் பட்டி பூசி பெயிண்ட் அடித்திருப்பார்கள். வண்டி முடங்கக் காரணம் அந்தந்த நேரத்துச் சமாளிப்புக்காகச் செய்த இந்த வேலைகள்தாம். பழுதின் காரணத்தைத் தேடாமல் அறிகுறியை மட்டும் அடக்கிய ஒவ்வொரு வேலையும் அடுத்த பழுதுக்கு வழி செய்து வைத்திருக்கிறது.

நான் இங்கே சொல்வது, நம்மில் பெரும்பாலோர் பிரீமியர் பத்மினி என்று அறிந்த காரைப் பற்றி. டான்டே ஜியாகோசா என்ற பொறியாளர் உருவாக்க, 1953-இல் இத்தாலியில் வெளிவந்த ஃபியட் 1100/103-தான் அதன் மூலம். பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை அந்த வடிவத்தை டிலைட், பிரசிடென்ட், பத்மினி என்று பெயர் மாற்றி மாற்றி, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை தயாரித்தது. 1089 சிசி எஞ்சின், நான்கு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், பெரும்பாலான மாடல்களில் ஸ்டியரிங் தண்டிலேயே கியர். சென்சாரும் இல்லை, கணினியும் இல்லை. ஸ்பேனர் செட்டும் பொறுமையும் உள்ள எவரும் புரிந்துகொள்ளக்கூடிய எந்திரம் இது. அந்த எளிமையைப் பார்த்துத்தான் யார் வேண்டுமானாலும் கைவைக்கத் துணிகிறார்கள்.

கொதிக்கும் ரேடியேட்டர்

இந்தக் காரைப் பற்றிய புகார்களில் முதலிடம் 'ஹீட் ஆகிறது' என்பதற்குத்தான். அதற்குச் செய்யும் வைத்தியங்களில்தான் மிகப் பெரிய தவறுகளும் நடக்கின்றன. எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே இருக்கும் ஹெட் அலுமினியம். இரண்டு உலோகங்களும் ஒரே தண்ணீரில் நனையும்போது, இரண்டில் எளிதில் வினைபுரியும் அலுமினியம் மெல்ல மெல்ல அரிக்கப்படுகிறது. அரிப்பைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் இல்லை. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரை ஊற்றினால், அரிப்பு ஒருபுறம் நடக்க, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்புப் படிவம் ஏறி அடைப்பு மறுபுறம் வளர்கிறது. "அந்தக் காலத்தில் வெறும் தண்ணீரில்தானே ஓடியது" என்பார்கள். ஓடியது உண்மைதான். அப்படி ஓடிய ஹெட்களைக் கழற்றி, தண்ணீர் செல்லும் துளைகளின் ஓரத்தைப் பார்த்தால், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட் உட்கார வேண்டிய இடம் அரித்துப் பள்ளமாகியிருப்பது தெரியும். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு, பாட்டிலில் குறித்த விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். அரிப்புத் தடுப்பு மருந்துக்கும் ஆயுள் உண்டு; உரிய காலத்தில் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.

அடுத்தது தெர்மோஸ்டாட்டைப் பிடுங்குவது. வெப்ப நாட்டில் அது எதற்கு என்று கேட்கும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். எஞ்சின் தனக்குரிய சூட்டை விரைவில் எட்டவும் அதே சூட்டில் நிற்கவும் வேண்டும். அதற்காகத்தான் தெர்மோஸ்டாட் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் சிறு தூர ஓட்டங்களில் எஞ்சின் குளிர்ச்சியாகவே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு இறங்கும். தேய்மானம் கூடும், மைலேஜ் குறையும். நெரிசலில் கொதிப்பதோ நிற்காது. அதற்குக் காரணம் அடைத்த ரேடியேட்டராகவோ, தளர்ந்த ஃபேன் பெல்ட்டாகவோ, பிந்தி வைக்கப்பட்ட இக்னிஷன் டைமிங்காகவோ இருக்கும். டைமிங்கை யாரும் சந்தேகிப்பதே இல்லை. தீப்பொறி தாமதமாக விழுந்தால் எரிதலும் தாமதமாகி, வேலையாக மாற வேண்டிய சூடு சைலன்சர் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் போய்ச் சேரும். ரேடியேட்டரை வாங்கிப் போடும் முன், தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள்.

வண்டி கொதித்து நின்றுவிட்டது. இப்போது செய்யக்கூடாத ஒன்று, குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது. சூட்டில் விரிந்திருக்கும் அலுமினிய ஹெட் திடீர்க் குளிர்ச்சியில் வளைந்துவிடும், விரிசலும் விடலாம். மூடியைத் திறப்பதற்கே அரைமணி நேரம் பொறுக்க வேண்டும், இல்லையென்றால் கை வெந்துவிடும்.

ஹெட்டைக் கழற்றும்படி ஆகிவிட்டால், புது கேஸ்கெட் வாங்கிப் போட்டு மூடிவிடாதீர்கள். நேரான இரும்பு ஸ்கேல் ஒன்றை ஹெட்டின் அடிப்பரப்பில் நீளவாக்கிலும் மூலைக்கு மூலையாகவும் நிறுத்தி, அதற்கடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை நுழைத்துப் பாருங்கள். நடுவில் தகடு தாராளமாகப் போய்வந்தால் ஹெட் வளைந்திருக்கிறது, லேத் பட்டறைக்குப் போயாக வேண்டும். அங்கேயும் தேவைக்கு மேல் ஒரு நூல்கூடச் சீவ விடக்கூடாது. சீவச் சீவக் கம்ப்ரஷன் ஏறும், அடுத்த முறை சீவ உலோகம் இருக்காது. திரும்பப் பொருத்தும்போது நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளாக, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்க வேண்டும். கைக்கணக்கில் முடுக்குவதைத் திறமை என்று பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். அலுமினிய ஹெட்டில் அந்தப் பெருமைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

சத்தம் போடாத டேப்பெட்

வால்வை அழுத்தித் திறக்கும் அமைப்பான டேப்பெட்டில் சத்தம் கேட்டால், அதில் விட்டிருக்கும் சிறு இடைவெளியைக் குறைத்து அமைதியாக்கிவிடுவது பரவலான பழக்கம். வால்வு முழுவதும் மூடி, தன் இருக்கையில் அழுந்தி உட்காரும் அந்தச் சிறு நேரத்தில்தான் அதன் சூடு ஹெட்டுக்கு இறங்குகிறது. இடைவெளி இல்லையென்றால் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகிப்போகும். இன்னொரு காரணத்தையும் நினைவில் வையுங்கள். 2000 பிப்ரவரியில் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. பழைய எஞ்சின்களில் வால்வு இருக்கைக்குத் தேய்மானக் காப்பாக இருந்தது அந்த ஈயம்தான். அது இல்லாதபோது இருக்கை மெல்லத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்க, இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும். ஆகவே மேனுவலில் உள்ள அளவை ஃபீலர் கேஜ் வைத்து அடிக்கடி சரிபாருங்கள். லேசான டிக்டிக் சத்தம் இருந்தால் இருக்கட்டும். ஹெட் எப்படியும் லேத்துக்குப் போகிறதென்றால், கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் போடச் சொல்லிவிடுங்கள்.

பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி

மே மாத வெயிலில் வழியில் நின்றுபோன ஃபியட்டின் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பது நாம் அறிந்த காட்சி. வண்டியின் பின்பக்கத்தில் இருக்கும் டேங்கிலிருந்து எஞ்சினில் உள்ள பம்ப் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும், அந்த ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. ஈரத்துணி அப்போதைக்கு உதவும், அதில் தவறில்லை. ஆண்டுக்கணக்கில் அதையே வைத்தியமாக நம்பியிருப்பதுதான் தவறு. பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே, கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே, சூடு ஏறாமல் தடுக்கும் தடித்த இன்சுலேஷன் பேக்கிங் இருக்க வேண்டும். எப்போதோ கழற்றியபோது அது உடைந்திருக்கும், சாதாரண பேப்பர் பேக்கிங்கை வெட்டிப் போட்டு முடித்திருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள். பம்ப் பேக்கிங்கின் தடிமன் மாறினால் பம்ப் தள்ளும் அளவும் மாறிவிடும் என்பதால், கண் மதிப்பில் வெட்டிப் போடாதீர்கள். பெட்ரோல் குழாய் சைலன்சர் குழாயை ஒட்டிப் போகிறதா என்பதையும் கவனியுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் புதிய தலைவலி. பழைய ரப்பர் ஓஸ்களும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறி விறைத்தோ உப்பியோ வெடிக்கும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் கசிவது தீவிபத்துக்கு அழைப்பு. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பழைய ஓஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; மாதக்கணக்கில் நிற்கும் டேங்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். நிறுத்தி வைக்கும் வண்டியை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் நன்மை செய்வதாகத் தோன்றும் கெடுதல்தான். எஞ்சின் முழுச் சூட்டை எட்டுமுன் அணைத்தால் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள்; முடியாதென்றால் ஸ்டார்ட் செய்யாமலே விட்டுவிடுங்கள்.

கியர் விழவில்லை என்றதும்

கியர் விழவில்லை, இரண்டாவது போடப் போனால் வேறெங்கோ மாட்டுகிறது என்ற புகாருடன் போனால், கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பார்கள். இறக்கவிடாதீர்கள், முதலில் இதைச் செய்து பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவரை உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் தண்டில் உள்ள கியர் லிவரை மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து, தண்டின் அடியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ராடுகளைப் பாருங்கள். உள்ளே லிவர் நன்றாக அசைந்தும் வெளியே ராடு சும்மா நிற்கிறதென்றால், அசைவை விழுங்குவது நடுவில் இணைப்புகளில் உள்ள தேய்ந்த புஷ்கள் என்னும் சிறு வளையங்கள்தான். சில நூறு ரூபாய் வேலை. புஷ்களை மாற்றி, ராடின் நீளத்தைச் சரிசெய்த பிறகும் கியர் கத்தினால்தான் கியர்பாக்ஸைப் பற்றிப் பேச வேண்டும். கழற்றவே தேவையில்லாத எத்தனை கியர்பாக்ஸ்களைக் கழற்றி, பொருந்தாத பல்சக்கரம் போட்டுக் கெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

பிரேக்

பழைய மாடல்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஹைட்ராலிக் பாதைதான். எங்காவது ஓரிடத்தில் கசிந்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் அதை மட்டும் மாற்றாதீர்கள். அதே வயதுள்ள மற்ற ரப்பர்களையும் ஓஸ்களையும் சேர்த்தே மாற்றுங்கள். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடிய தவறு, அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றுவது. சில மணி நேரத்தில் ரப்பர்கள் உப்பி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வீல் சிலிண்டர் வரை அனைத்தும் நாசமாகும்.

பட்டிக்குப் பின்னால்

1100/103-க்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரைத்தகடும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பாகமும் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. அதனால் துரு இங்கே அழகுப் பிரச்சினை இல்லை. உள்ளே இருக்கும் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடத்தில் மந்தமான சத்தம் வரும், அங்கே முனையை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கும். ஃபைபர் ஒட்டுவதும், பட்டி நிரப்புவதும், துருவின் மேலேயே கறுப்பு அண்டர்கோட் அடிப்பதும் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும் வேலைகள். கெட்ட தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வது ஒன்றே வழி. வெட்டுமுன் கதவுகளை மூடிப் பார்த்து, வண்டி தொய்யாமல் முட்டுக்கொடுங்கள். தொய்ந்த நிலையில் வெல்டிங் செய்தால் பிறகு எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது. கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளைப் பெயிண்ட் அடிக்கும்போது அடைத்துவிடாதீர்கள்.

ஒயரிங்கில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அதிக வாட் ஹெட்லைட்டும் பெரிய ஹாரனும் பழைய சுவிட்சு வழியாகவே போனால் ஒயர் சூடேறி உருகும். சுவிட்சின் மேல் சுமை ஏறாமல் மின்சாரத்தை வேறு வழியில் விடும் ரிலே போடுங்கள், ஃபியூஸ் எரிந்தால் ஏன் எரிந்தது என்று பார்த்துவிட்டு அதே அளவு ஃபியூஸ் போடுங்கள்.

வேறு காரின் எஞ்சினை மாட்டும் யோசனை வந்தால் ஆர்.சி. புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். 15 ஆண்டு கடந்த தனியார் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆய்வில் தேறிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சின் எண் ஒத்துப்போகாவிட்டால் சிக்கல்தான். 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டிகளை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்தப் பதிவில் அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது என்பதையும் தெரிந்துகொண்டே விண்ணப்பியுங்கள்.

கடைசியாக உதிரி பாகங்கள். சென்னை புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ 'புத்தம் புதிது' என்று தரும் போலிப் பாகத்தைவிட, தேய்ந்த அசல் பாகத்தைச் சீர்செய்து போடுவது பல நேரங்களில் மேல். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், மாஸ்டர் சிலிண்டர் மூன்றிலும் இது நிச்சயம் பொருந்தும். புதிதாக வாங்கிப் போட்டாலும், அது ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாங்கும் வரை கழற்றிய பழைய பாகத்தை மெக்கானிக்கிடம் விட்டு வராமல் கேட்டு வாங்கி, எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள்.