சி. வி. வேலுப்பிள்ளையின் கவிதைகளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

சி. வி. என்றதும் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் பலருக்கு 'வீடற்றவன்', 'இனிப் படமாட்டேன்' நாவல்கள்தான் ஞாபகத்துக்கு வரும். 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர் அவர். அவருடைய கவிதைகளில் முக்கியமானவை ஆங்கிலத்தில் இருப்பதால், நாவல்களை விரும்பிப் படித்தவர்களில்கூடப் பலர் அவற்றைக் கண்டதில்லை. நம்முடைய தோட்டங்களைப் பற்றிய கவிதைகள் நம் வீடுகளிலேயே இல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய குறை. தேட நினைப்பவர்கள் இப்படித் தொடங்கலாம்.

முதலில் ஒரு கொப்பியில் அவருடைய பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் எழுதுங்கள்: சி. வி. வேலுப்பிள்ளை, ஸி. வி. வேலுப்பிள்ளை, ஒற்று விட்டுப்போன வேலுபிள்ளை, வெறும் சி.வி. ஆங்கில எழுத்தில் தேடும்போதும் இரண்டு 'எல்' போட்டு ஒருமுறை, ஒன்றைப் போட்டு ஒருமுறை பாருங்கள். புள்ளி, இடைவெளி மாறினாலே தேடல் பெட்டி கைவிரித்துவிடும்.

அடுத்தது, எது அவர் எழுதிய கவிதை, எது இல்லை என்று பிரித்துக்கொள்வது. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' அவரே ஆங்கிலத்தில் எழுதியது. 'தேயிலைத் தோட்டத்திலே' அதற்குச் சக்தீ அ. பாலையா செய்த தமிழாக்கம். பாலையாவும் கவிஞர் என்பதால், தமிழ் வரிகளை மேற்கோள் காட்டினால் இருவர் பெயரையும் போடுங்கள். 1983இல் வந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அவர் தொகுத்த நாட்டார் பாடல்கள். அந்தப் பாடல்களுக்குச் சொந்தக்காரர்கள் தோட்ட மக்கள்.

சரி, இனி நூலகம் இணையத்தளத்துக்குப் போங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் தளம் அது. கைபேசியிலேயே படிக்கலாம், காசு கட்ட வேண்டியதில்லை. கொப்பியில் எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். கொழுந்து, குன்றின் குரல், தீர்த்தக்கரை போன்ற மலையக இதழ்களின் பக்கங்களைத் திறந்து, பல இதழ்களுக்குக் கீழே கொடுத்திருக்கும் உள்ளடக்கப் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். பட்டியலில் சில வேளை தலைப்பு மட்டும் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்காது. தலைப்பில் சந்தேகம் வந்தால் பிடிஎப்பைத் திறந்தே ஆக வேண்டும். அவரைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளையும் தள்ளிவிடாதீர்கள். கவிதை முதலில் எங்கே வந்தது என்ற துப்பு கட்டுரையின் நடுவில் ஒரு வரியாகக் கிடக்கலாம்.

ஏதாவது கிடைத்ததும் தலைப்பு, முதல் வரி, இதழின் பெயர், மாதம், ஆண்டு, பக்கம் எல்லாவற்றையும் குறியுங்கள். முதல் வரி கட்டாயம். ஒரே கவிதை வேறு தலைப்பில் மறுபடி அச்சாகியிருந்தால் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

அப்புறம் நேரில் போக வேண்டிய இடங்கள். ஹட்டன், நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக நூலகம்தான் வசதி. இலங்கை நூல்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. வெளியாட்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போவது நல்லது. பழைய ஆங்கிலப் பத்திரிகைகளுக்குக் கொழும்பில் உள்ள தேசிய சுவடிக்கூடம். ஆண்டும் மாதமும் தெரியாமல் போனால் அலைச்சல்தான் மிஞ்சும், ஆகவே இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் பழைய தொழிற்சங்கக்காரர்களையும் போய்ப் பாருங்கள். "சேர், பழைய விழா மலர் ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் போதும், அலுமாரி திறக்கும். புத்தகத்தை இரவல் கேட்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து படம் எடுங்கள். நம்முடைய மலை ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். எச்சில் தொட்டுப் புரட்டாமல், ஓரத்தில் மெல்லிய அட்டையை நுழைத்து மெதுவாகப் பிரியுங்கள். அட்டை, ஆண்டு அச்சான பக்கம், கவிதைப் பக்கம் மூன்றையும் எடுங்கள். ஆண்டு இல்லாத படத்தை வைத்துப் பின்னால் எதையும் உறுதிசெய்ய முடியாது.

அந்த மலர் நூலகம் தளத்தில் இல்லையென்றால், உரிமையாளரின் சம்மதத்தோடு அந்தத் தளத்தாருக்கு எழுதிக் கேளுங்கள். முழு மலரையும் மின்வடிவாக்க முடிந்தால், அதில் எழுதிய மற்றவர்களைத் தேடுபவர்களுக்கும் அது கைகொடுக்கும்.