பெயரை அழித்துவிட்டால் போதுமா? இழையத் தரவைப் பகிரும்போது விடும் தவறுகள்

வாயில் ஆறாத புண்ணோடு தோட்டத்திலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். பயொப்சிக்கு எடுத்த சின்னச் சதைத்துண்டு (இழையம்) ஃபோர்மலின் போத்தலில் போய், மெழுகுக் கட்டியாகி, கண்ணாடித் தகட்டில் ஏறுகிறது. முடிவு சொல்லியானதும் கட்டி அலுமாரிக்குப் போய்விடும். நுவரெலியா, பதுளை, கண்டி என்று பல இடத்துக் கட்டிகளின் விபரங்களை ஒன்றுசேர்த்தால்தான் மலையகத்து வாய்ப்புற்றுநோயைப் பற்றி உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும். சேர்க்கிற இடத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

பெயரை அழித்ததும் ஆளை மறைத்துவிட்டோம் என்று நம்புகிறோம். அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் அல்ல. பழைய அட்டையில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்க எண்ணிலும் இதேதான், வருடம் மட்டும் முழுதாக வரும். சரி, அதையும் நீக்கியாயிற்று. தோட்டத்தின் பெயரும் டிவிசனும் இருக்கிறதா? ஒரு டிவிசனில் சில லயங்கள், அதாவது வரிசை வீடுகள்தான். '52 வயதுப் பெண், வாய்ப்புற்றுநோய்' என்று இருந்தால் பீலிக்கரையில் நிற்கிற எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். மாவட்டமும் ஐந்து வருட வயதுப் பிரிவும் போதும். தகட்டை ஸ்கேன் செய்யும்போது லேபிளின் படமும் அதே கோப்புக்குள் ஒட்டிக்கொண்டு போகலாம். அதைத் தனியாக எடுத்துவிடுங்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாகவே வைத்திருக்கிறது.

என்னை மிகவும் வருத்திய தவறு, நோயாளி வெற்றிலை போடுவாரா என்று பதியும் கட்டத்தில் நடந்தது. ஒரு அட்டவணையில் 'வெற்றிலை: இல்லை' என்று வரிசையாக இருந்தது. மூலப் போம்களை எடுத்துப் பார்த்தால், பலவற்றில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. யாரும் கேட்கவே இல்லை. பதிந்தவர் வெறுமையை 'இல்லை' ஆக்கியிருந்தார். அப்படியே அனுப்பியிருந்தால் வெற்றிலைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பே மங்கிப் போயிருக்கும். 'கேட்கவில்லை' என்பதற்குத் தனிக் குறியீடு வையுங்கள். 'ஆம்' என்பதும் போதாது. புகையிலை சேர்த்தா, சேர்க்காமலா, எத்தனை வருடமாக? புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும்.

புற்று எவ்வளவு முற்றியிருக்கிறது என்ற நிலையை எழுதும்போது, அதை வகுக்கும் டிஎன்எம் விதிநூலின் எந்தப் பதிப்பின்படி என்றும் எழுதுங்கள். அதில் 'டி' என்பது கட்டியின் அளவைக் குறிக்கும், எண் கூடினால் கட்டி பெரிது. 1.8 செ.மீ. அகலமும் 7 மி.மீ. ஆழமும் உள்ள நாக்குக் கட்டி 7ஆம் பதிப்பில் டி1, ஆழத்தையும் கணக்கெடுக்கும் 8ஆம் பதிப்பில் டி2. இரண்டையும் கலந்தால் நோய் முற்றியதா, விதி மாறியதா என்று பிரிக்க முடியாது. அப்புறம் எக்செல்: மெழுகுக் கட்டியின் இலக்கத்தை 3-5 என்று அடித்தால் அது திகதியாக மாறிவிடும். பதியும் முன்பே அந்த நிரலை எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள்.

சிகிச்சைக்குக் கொடுத்த கையெழுத்தை ஆராய்ச்சிக்கும் சம்மதமாக எடுக்கக் கூடாது. தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் வேறு மொழிப் போமை நீட்டுவதும் சம்மதம் வாங்குவதாகாது. "அம்மா, மிச்சமிருக்கிற துண்டை உங்கள் பெயர் இல்லாமல் வேறு இடத்து வைத்தியர்களும் பார்க்கலாமா? வேண்டாம் என்றாலும் உங்கள் மருந்தில் ஒரு குறையும் வராது" என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். பிறகு மனம் மாறி வந்தால் அவருடைய பதிவைத் தேடி எடுக்க வழி வேண்டுமே. எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் மூல ஆஸ்பத்திரியில் பூட்டி இருக்கட்டும்; அனுப்புகிற கோப்போடு போகவே கூடாது.