பேஸ் கிட்டார் செய்கிறீர்களா? முதலில் மரத்தை நிறுத்துப் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் கையால் பேஸ் கிட்டார் செய்கிறவர்கள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்), வயரிங் பற்றியெல்லாம் பிறகு யோசிக்கலாம். முதல் கவலை மரத்தின் ஈரம்தான். நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 80 கிலோ விசையுடன் இழுக்கின்றன. உள்ளே இரும்புத் தண்டு வைத்தாலும் காயாத கட்டை முறுக்கிக்கொள்ளும்.

எனக்கு நேர்ந்தது வேறு. ஐப்பசி மழையில் இழைத்த கழுத்தைச் சித்திரையில் கோவைக்குக் கொண்டுபோனேன். மரம் சுருங்கியது; கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு விரலைக் கீறின.

இப்போதெல்லாம் பலகை வாங்கிய அன்றே இரு முனைகளிலும் மெழுகுவத்தியை உருக்கித் தடவிவிடுகிறேன். ஈரம் வேகமாக வெளியேறுவது முனை வழியாகத்தான், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். பிறகு அடியில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பலகையிலேயே பென்சிலால் எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் எடை குறையாமல் நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். மலைக்காற்றின் ஈரத்துக்கு மரம் சமமாகியிருக்கிறது, அவ்வளவுதான். தை, மாசியின் வறண்ட காற்றில் அதே பலகை மீண்டும் இளைக்கும். அந்த எடையும் மூன்று வாரம் மாறாமல் நின்ற பிறகே உளியை எடுங்கள்.

அப்போதும் ஒரே மூச்சில் செதுக்க வேண்டாம். சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விட்டு அறுத்து, இரண்டு வாரம் சும்மா வைத்து, வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் பிடித்துப் பார்த்துவிட்டு மீதியை இழையுங்கள்.