கலிபோர்னியாவில் ஏஆர்-15: சட்டத்துக்கு உட்பட்ட ‘ஃபீச்சர்லெஸ்’ ரைஃபிளாக மாற்றுவது எப்படி?

கலிபோர்னியா மாநிலம் ஏஆர்-15 வகை ரைஃபிளை அடியோடு தடை செய்யவில்லை. கழற்றி மாட்டும் மேகசின் உள்ள, சென்டர்ஃபயர் தோட்டா (அடியின் நடுவில் பற்றவைக்கும் வகை) சுடுகிற செமி ஆட்டோமேட்டிக் (ஒரு விசை அழுத்தலுக்கு ஒன்று சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும்) ரைஃபிளில் எந்தெந்த அங்கங்கள் இருக்கக்கூடாது என்றுதான் சொல்கிறது. தண்டனைச் சட்டத்தின் 30515-ஆம் பிரிவு ஆறு அங்கங்களைப் பட்டியலிடுகிறது: ஆக்‌ஷனுக்குக் (தோட்டாவை ஏற்றிச் சுடும் இயக்கப்பகுதி) கீழே துருத்தி நிற்கும் பிஸ்டல் கிரிப், கட்டைவிரல் நுழையும் துளை உள்ள ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்பகுதி), மடிக்கும் அல்லது நீட்டிக் குறைக்கும் ஸ்டாக், கிரெனேடு அல்லது ஃபிளேர் லாஞ்சர், ஃபிளாஷ் ஹைடர் (குழல் முனையில் எழும் தீப்பிழம்பை மறைக்கும் பாகம்; சட்டத்தின் சொல் ‘ஃபிளாஷ் சப்ரஸர்’), முன்னால் பிடிக்கும் கைக்கான பிஸ்டல் கிரிப். இதில் ஒன்று இருந்தாலே போதும், அந்தத் துப்பாக்கி ‘அசால்ட் வெப்பன்’ ஆகிவிடும். ஒன்றுகூட இல்லாததைத்தான் ‘ஃபீச்சர்லெஸ்’ என்கிறார்கள்.

1989 ஜனவரியில் ஸ்டாக்டன் நகரப் பள்ளியில் ஐந்து குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அதே ஆண்டு பிறந்தது இந்தச் சட்டம். அங்கங்களின் பட்டியல் 2000-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு கருவியால் குத்தி மேகசினைக் கழற்றும் ‘புல்லட் பட்டன்’ வழியை 2017-இல் அடைத்தார்கள். பழையவற்றைப் பதிவு செய்யும் கெடு 2018 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. 2021-இலும் 2023-இலும் கீழ் நீதிமன்றம் இந்தத் தடை செல்லாது என்றது. இரண்டு முறையும் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே ‘சட்டம் போய்விட்டது’ என்று யாராவது சொன்னால் நம்பி எதையும் மாட்டிவிடாதீர்கள். வைத்திருந்தாலே சிறை உண்டு. தயாரித்தாலோ மாநிலத்துக்குள் கொண்டுவந்தாலோ 4, 6 அல்லது 8 ஆண்டு.

கருவியைத் தொடும் முன்

லோயர் ரிசீவரின் (விசையும் மேகசினும் பொருந்தும் கீழ்ப்பாதி) இடப்பக்கத்தில் பொறித்திருக்கும் நிறுவனப் பெயரையும் மாடலையும் முதலில் படியுங்கள். கோல்ட் ஏஆர்-15, புஷ்மாஸ்டர் எக்ஸ்எம்15 போன்றவை பெயர் சொல்லியே தடைசெய்யப்பட்டவை. அவற்றில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் பயனில்லை.

அடுத்தது, நீங்கள் இருக்கும் இடம். வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்கிறீர்கள் என்றால் எல்லா மாற்றத்தையும் பழைய ஊரிலேயே முடித்துவிட்டுத்தான் எல்லையைத் தாண்ட வேண்டும். எல்லையில் மேற்சொன்ன அங்கம் ஒன்று இருந்தாலும் அது ‘இறக்குமதி’ குற்றம். வந்து சேர்ந்த 60 நாளுக்குள் மாநில நீதித்துறையிடம் (Department of Justice) அறிவிக்கவும் வேண்டும். ஏற்கெனவே கலிபோர்னியாவுக்குள் அப்படியொரு துப்பாக்கி உங்களிடம் இருந்தால், ஸ்குரூடிரைவரை எடுக்காமல் வழக்கறிஞரிடம் போங்கள்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

தேவையானவை

ஃபின் கிரிப் (பின்னால் துடுப்பு நீளும் பிடி) ஒன்று, ஃபிக்ஸட் ஸ்டாக் (நீளம் மாறாதது) ஒன்று, மசில் பிரேக் (பின்னுதைப்பைக் குறைக்கும் முனைப்பாகம்) அல்லது திரெட் புரொடெக்டர் (முனையின் மரையை மூடும் மூடி), புதிய கிரஷ் வாஷர் (முறுக்கும்போது நசுங்கி இறுகும் வளையம்), பத்துத் தோட்டா மேகசின். கருவிகளில் ஆலன் கீ செட், முக்கால் அங்குல ஸ்பேனர், மேஜையில் பதித்த வைஸ், குழலைப் பிடிக்கும் கிளாம்ப் அல்லது ரியாக்‌ஷன் ராட், அளவு நாடா.

படி 1: போல்ட் கேரியரை வெளியே எடுங்கள்

மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பின்பக்க டேக்டவுன் பின்னை (மேல், கீழ்ப் பாதிகளைப் பூட்டும் ஊசி) இழுத்து ரைஃபிளைத் திறந்து, போல்ட் கேரியரை (தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டைத் தாங்கி நகரும் பாகம்) வெளியே எடுத்துத் தனிப்பெட்டியில் வையுங்கள்.

பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. ஃபயரிங் பின், போல்ட் கேரியர், கேஸ் டியூப் போன்ற முக்கியப் பாகம் இல்லாத துப்பாக்கி ‘செமி ஆட்டோமேட்டிக்’ ஆகாது என்று மாநில விதி கூறுகிறது. தோட்டாவும் மேகசினும் மட்டும் இல்லையென்றாலோ, பூட்டுப் போட்டிருந்தாலோ அந்த விலக்கு கிடையாது. புதிதாகப் பாகம் வாங்கிச் சேர்ப்பவருக்கும் இதே ஒழுங்குதான்: ஆறு அங்கமும் இல்லை என்று உறுதியாகும் வரை போல்ட் கேரியர் உள்ளே போகக்கூடாது. புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் பாகத்தில் அல்ல, இந்த வரிசையில்தான்.

படி 2: கிரிப்

பழைய கிரிப்பின் அடியில் ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றும்போது ரைஃபிள் தலைகீழாக இருக்க வேண்டும். சேஃப்டி செலக்டரை நிறுத்தும் சிறிய டிடென்ட் ஊசியும் அதன் ஸ்பிரிங்கும் கிரிப்பின் மேற்பகுதியால்தான் தாங்கப்படுகின்றன. நிமிர்த்தி வைத்துக் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்துத் தரையில் காணாமல் போகும். மாட்டும்போது இன்னும் நிதானம் தேவை. புதிய கிரிப்பின் துளைக்குள் ஸ்பிரிங் நேராக இறங்க வேண்டும். கோணலாக நசுங்கினால் சேஃப்டி இறுகும், அல்லது தானாக நகரும். திருகை விரல்பலத்தோடு சற்றே கூடுதலாக முறுக்கினால் போதும்.

எந்தக் கிரிப் சட்டப்படி சரி? விதியின் அளவுகோல் இதுதான்: கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சவ்வு, விசையின் வெளியே தெரியும் பகுதியின் உச்சிக்குக் கீழே வரும்படி பிடிக்க முடிந்தால் அது பிஸ்டல் கிரிப். ஃபின் கிரிப்பின் பின்னால் நீளும் ‘துடுப்பு’, கட்டைவிரல் சுற்றிப் பிடிப்பதைத் தடுத்து அந்தச் சவ்வை மேலேயே நிறுத்துகிறது. ஸ்டிரைக் இண்டஸ்ட்ரீஸ், ரிசர்ஜென்ட் ஆர்ம்ஸ் போன்றவை இதைத் தயாரிக்கின்றன. தோர்ட்சன் நிறுவனத்தின் எஃப்ஆர்எஸ்-15 கிரிப்பையும் ஸ்டாக்கையும் ஒரே பாகமாக்கி, வேட்டைத் துப்பாக்கி போலப் பிடிக்க வைக்கிறது.

மாட்டிய பிறகு விசையின் உச்சிக்கு நேராக ஒரு ஸ்கேலைக் கிடையாக வைத்து, கையைப் பல கோணத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பிடியிலும் சவ்வு ஸ்கேலுக்குக் கீழே இறங்கக்கூடாது. உறுத்துகிறது என்று துடுப்பின் ஓரத்தைச் சீவுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். சீவிய அளவுக்குச் சட்டமும் கையைவிட்டுப் போகிறது.

இந்தப் பிடியில் வலக்கைக்காரரின் கட்டைவிரல் வலப்பக்கமே தங்கிவிடும். இடப்பக்கத்தில் மட்டும் உள்ள சேஃப்டியைத் தட்ட முடியாது. இருபக்கமும் நெம்பு உள்ள ஆம்பி செலக்டரை இப்போதே போட்டுவிடுவது நல்லது. கிரிப் கழன்றிருக்கும் நேரம் அதற்கு வசதி.

படி 3: ஸ்டாக்

எளிய வழி, பழைய பஃபர் டியூபை (ஸ்டாக் ஏறி அமரும் பின்குழாய்) அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் மேக்புல் எம்ஓஇ ஃபிக்ஸட் கார்பைன் போன்ற நிலையான ஸ்டாக்கைப் போடுவது. பழைய ஸ்டாக்கின் சரிசெய்யும் நெம்பைக் கீழ்நோக்கி முழுவதும் இழுத்துப் பிடித்தால் பின்பக்கமாக உருவி வந்துவிடும்.

வாங்கும் முன் டியூபின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். மில்ஸ்பெக் (ராணுவ அளவு) டியூப் சுமார் 1.148 அங்குலம், கமர்ஷியல் டியூப் 1.168 அங்குலம். மில்ஸ்பெக் ஸ்டாக் கமர்ஷியல் டியூபில் ஏறாது, கமர்ஷியல் ஸ்டாக்கை மில்ஸ்பெக் டியூபில் போட்டால் லொடலொடவென ஆடும். நீளமான ஏ2 ஸ்டாக் வேண்டுமென்றால் டியூப், பஃபர், ஸ்பிரிங் மூன்றையும் மாற்ற வேண்டும். டியூபைத் திருகிக் கழற்றும்போது பஃபர் ரிடெய்னரும் டேக்டவுன் பின்னின் ஸ்பிரிங்கும் தெறிக்கும். முதல்முறை செய்பவருக்கு அது வேண்டாத வேலை.

படி 4: குழலின் முனை

இங்கேதான் மிகப் பெரிய ஆபத்து. முதலில் குழலின் நீளத்தை அளக்க வேண்டும். போல்ட்டை மட்டும் வைத்து மூடி, முனையிலிருந்து ஒரு மரக்குச்சியை போல்ட் முகம் வரை இறக்கிக் குறியிட்டு அளப்பது வழக்கம். லோயர் தனியாக இருக்கட்டும். அளந்ததும் போல்ட்டை வெளியே எடுத்துவிடுங்கள். குழல் குறைந்தது 16 அங்குலம் இருக்க வேண்டும். கடைகளில் 14.5 அங்குலக் குழலின் முனையில் ஃபிளாஷ் ஹைடரை பின் அடித்து வெல்டு செய்து, 16 அங்குலத்தை எட்டவைத்து விற்கிறார்கள். அந்த ஹைடரைப் பெயர்த்தால் கையில் மிஞ்சுவது கூட்டரசுச் சட்டப்படி ‘ஷார்ட் பேரல்டு ரைஃபிள்’ (குறுங்குழல் ரைஃபிள்). அப்படிப்பட்டதை வீட்டில் தொடவே வேண்டாம். துப்பாக்கிக் கம்மியர் அதே அமர்வில் ஹைடரை எடுத்து பிரேக்கை வெல்டு செய்து தருவார். இல்லையென்றால் 16 அங்குலக் குழலுள்ள அப்பரே (ரைஃபிளின் மேற்பாதி) வாங்கிவிடலாம்.

வெல்டு இல்லாதது என்றால், அப்பரை நேரடியாக வைஸில் நெரிக்காதீர்கள். அலுமினியம் வளையும். முறுக்கு முழுவதும் குழலின் இன்டெக்ஸ் பின்னில் விழுந்து அதன் பள்ளமும் சிதையும். குழலைக் கிளாம்ப்பில் பிடித்தோ, ரியாக்‌ஷன் ராடில் ஏற்றியோ, முக்கால் அங்குல ஸ்பேனரால் முன்பக்கத்திலிருந்து பார்த்து எதிர்க்கடிகாரத் திசையில் திருப்புங்கள். அசையவில்லையென்றால் பசை போட்டிருப்பார்கள். லாக்டைட்டுக்குச் சூடு, ராக்செட்டுக்குத் தண்ணீரில் ஊறல்.

புதிய பிரேக்குக்குப் பழைய கிரஷ் வாஷரைப் போடாதீர்கள், அது ஒருமுறைப் பொருள். வாஷரின் அகன்ற பக்கம் குழல் பக்கம், குறுகிய பக்கம் பிரேக் பக்கம். கையால் இறுகும் வரை திருகி, பிறகு ஸ்பேனரால் கால் முதல் அரைச் சுற்று வரை முறுக்கி, துவாரங்கள் பக்கவாட்டில் நேராக வரும்படி நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் பின்னால் திருப்பித் தளர்த்தாமல் புது வாஷரோடு தொடங்குங்கள்.

பிரேக் என்று பெயர் போட்டிருப்பதால் மட்டும் அது பிரேக் ஆகிவிடாது. சுடுபவர் கண்ணில் படும் தீப்பிழம்பைக் குறைக்க வடிவமைத்ததோ, உண்மையில் குறைப்பதோ எதுவும் விதிப்படி ஃபிளாஷ் சப்ரஸர். ‘பிரேக்கும் ஹைடரும் சேர்ந்தது’ என்று விளம்பரப்படுத்தும் கலப்பு வகைகள் ஆகாது. சந்தேகம் இருந்தால் திரெட் புரொடெக்டரே போதும், ரைஃபிளில் மரை இருப்பது குற்றமில்லை. பிரேக் போட்டவர் காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு வைக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்குத்தான் சத்தம் அதிகம்.

படி 5: முன்கைப் பிடி

செங்குத்தான ஃபோர்கிரிப்பைக் கழற்றிவிடுங்கள். சாய்வான பிடியைப் பலர் வைத்திருக்கிறார்கள். ஆனால் விதி ‘விசைக்கு முன்னால் பிஸ்டல் போலப் பற்றத் தருவது’ என்று செயலைப் பார்ப்பதால், சிறிய ஹேண்ட் ஸ்டாப்புடன் (கை நழுவாமல் தடுக்கும் முட்டு) நிறுத்திக்கொள்வதே நல்லது.

படி 6: அளந்து, சோதித்து, மூடுதல்

மொத்த நீளம் 30 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. ஸ்டாக்கின் பின்முனையிலிருந்து குழலின் முனை வரை, குழலுக்கு இணையாக அளக்க வேண்டும். திருகிப் போட்ட பிரேக் கணக்கில் சேராது. 16 அங்குலக் குழலும் நிலையான ஸ்டாக்கும் இருந்தால் கவலை இல்லை.

ஆறு அங்கத்தையும் பட்டியல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் போல்ட் கேரியர் உள்ளே போகும். காலித் துப்பாக்கியில் சார்ஜ் செய்து (சார்ஜிங் கைப்பிடியை இழுத்து விட்டு), சேஃப்டி போட்டு விசையை அழுத்துங்கள். ஹேமர் (உள்ளே அடிக்கும் சுத்தி) விழக்கூடாது. சேஃப்டியை எடுத்து அழுத்தினால் விழ வேண்டும். விசையை விடாமல் மீண்டும் சார்ஜ் செய்து, மெதுவாக விடும்போது ‘டிக்’ என்று ரீசெட் கேட்க வேண்டும். செலக்டர் ஸ்பிரிங்கைத் தொட்டிருப்பதால் இந்தச் சோதனையை நான்கைந்து முறை செய்யுங்கள்.

கழற்றிய பழைய பாகங்களைத் துப்பாக்கிப் பையில் போட்டு வைக்காதீர்கள். ரேஞ்சில் நண்பரின் அப்பரை ‘ஒருமுறை’ மாட்டிப் பார்ப்பதும் வேண்டாம். அதன் முனையில் ஹைடர் இருந்தால் அந்த நொடியே உங்களுடையது அசால்ட் வெப்பன்.

கிரிப் பிடிக்கவில்லையென்றால், ஆக்‌ஷனைப் பிரிக்காமல் மேகசினைக் கழற்ற முடியாதபடி பூட்டும் ‘ஃபிக்ஸட் மேகசின்’ வழி உண்டு. அதில் சாதாரண பிஸ்டல் கிரிப் வைக்கலாம். கொள்ளளவு பத்தைத் தாண்டக்கூடாது, மொத்த நீளம் அப்போதும் 30 அங்குலம். .22 போன்ற ரிம்ஃபயர் (அடியின் விளிம்பில் பற்றவைக்கும்) ரைஃபிள்களுக்கு இந்த அங்கப் பட்டியலே பொருந்தாது.

இந்த அமைப்பு கலிபோர்னியாவுக்கு மட்டுமே. நியூயார்க்கின் 2013 சட்டம் மசில் பிரேக்கையும், அதை மாட்டும் மரையுள்ள குழலையும், பயனெட் லக்கையும்கூட (துப்பாக்கி முனைக் கத்தியை மாட்டும் பிடி) தடை செய்கிறது. இங்கே அனுமதி பெற்ற அதே பிரேக்கோடு அங்கே போனால் குற்றம். அங்கே குடியேறுபவர் முனையை மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.