தைரொயிட் குளிசை, ரிப்போட், ஒரு கொப்பி

காலை ஐந்தரைக்குத் தைரொக்சின் குளிசை (தைரொயிட் சுரப்பி குறைவாக வேலைசெய்பவர்கள் போடும் ஹோர்மோன் மருந்து), பல்லை விளக்கிவிட்டு வந்ததும் பால்தேத்தண்ணி. கொழும்பில் விடிய வேலைக்கு ஓடுகிற பல வீடுகளில் இதுதான் நடைமுறை. மூன்று மாதம் கழித்து ரிப்போட்டில் ரி.எஸ்.எச் (தைரொயிட்டை ஏவும் ஹோர்மோன்; தைரொக்சின் போதாவிட்டால் இது ஏறும்) ஏறி நிற்கும். டோஸைக் கூட்டி எழுதுவார்கள். தேத்தண்ணியைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள்; நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

குளிசையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு 30 முதல் 60 நிமிடத்துக்குத் தேத்தண்ணி, கோப்பி, இலைக்கஞ்சி ஒன்றும் வேண்டாம். இரும்பு, கல்சியம் குளிசைகளும் நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அன்ரசிட்டும் 4 மணிநேரம் தள்ளித்தான். அவை குடலிலேயே தைரொக்சினைப் பிடித்து வைத்துவிடும். சோயாவும் உறிஞ்சலைக் குறைக்கும். கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷவில் சோயா இருப்பதைக் கர்ப்பிணிகள் பலர் யோசிப்பதில்லை. காலையில் முடியாதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு 3 மணிநேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். நோன்பு மாதத்தில் இது வசதி. பத்து மணிக்குக் கொத்துரொட்டி சாப்பிடுகிறவருக்குச் சரிவராது.

வெக்கையும் ஈரமும் இந்த மருந்துக்கு ஆகாது. பாமசியில் கடதாசி உறைக்குள் எண்ணிப் போட்டால், அட்டையோடு தரச் சொல்லிக் கேளுங்கள். அடுப்படியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்காதீர்கள். மருந்துத் துண்டில் 50 மைக்ரோகிராம் என்றிருந்தால் அது 0.05 மில்லிகிராம், வீட்டுக்கு வருமுன் அட்டையில் உள்ள எண்ணைப் பாருங்கள். கொம்பனி மாறினால் அந்தத் திகதியைக் குறித்துவைத்து, 6 முதல் 8 வாரத்தில் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏன் ஆறு வாரம்? உடம்பிலுள்ள தைரொக்சின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாள் எடுக்கும்; புதிய டோஸில் அளவு நிலைபெற இப்படி ஐந்தாறு சுற்று வேண்டும். டோஸ் மாறி இரண்டு வாரத்தில் எடுத்த ரிப்போட்டை வைத்து மறுபடியும் மாற்றினால் ஊஞ்சல்தான்.

இரத்தம் கொடுக்கும் நாளில், இரத்தம் கொடுத்த பிறகே குளிசையைப் போடுங்கள். இரத்தம் கொடுப்பது ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில், முடிந்தால் அதே ஆய்வுகூடத்தில். முடி கொட்டுகிறதென்று வாங்கும் விற்றமின்களில் பயோட்டின் இருக்கும். பல ஆய்வுகூட முறைகளில் அது ரி.எஸ்.எச்சைப் பொய்யாகக் குறைத்தும் ரி4ஐ (இரத்தத்திலுள்ள தைரொக்சின்) பொய்யாகக் கூட்டியும் காட்டும்; தைரொயிட்டால் முடி கொட்டுகிறவர்தான் இதில் அதிகம் மாட்டுப்படுவார். குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். தைரொயிட் குறைந்தவருக்கு ரி.பி.ஓ எதிர்ப்பொருள் (தைரொயிட்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்குவது) ஒருமுறை கூடுதலாக வந்தால், காரணம் பெரும்பாலும் ஹஷிமோட்டோ நோய்தான். சுரப்பியை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் இந்த நோயை 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ விவரித்தார். அந்த எண் இறங்குகிறதா என்று மாதாமாதம் பார்ப்பது வீண்செலவு. டோஸைத் தீர்மானிப்பது ரி.எஸ்.எச்.

இனிக் கொப்பி. ஒரு வரிக்கு ஒரு ரிப்போட்: திகதி, ரி.எஸ்.எச், ஃப்ரீ ரி4 (புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் ரி4), அதன் அலகு, டோஸ், கொம்பனி, தவறிய நாட்கள். அலகை விடவேண்டாம். ஒரு இடத்தில் ஃப்ரீ ரி4 15 என்றும் இன்னோரிடத்தில் 1.2 என்றும் வரும். முன்னது லீற்றருக்குப் பிகோமோல், பின்னது டெசிலீற்றருக்கு நனோகிராம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். காசு கட்டித் தனியாரில் சனல் பண்ணிப் போனாலும் அரச கிளினிக்கில் நின்றாலும் கிடைப்பது சில நிமிடம். பேச்சு சிங்களத்தில் போகும், பதிவு ஆங்கிலத்தில் இருக்கும், ஆகவே முறைப்பாட்டை முதலே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போங்கள். "களைப்பு" என்றால் கடந்துபோய்விடும். "மாதவிடாய் 9 நாள், மூன்று மாதத்தில் 4 கிலோ கூடியது" என்றால் பேனை எடுப்பார்.

"வயசு போனால் இப்படித்தான்" என்று டொக்டர் முடிக்கப் பார்த்தால், சண்டை வேண்டாம். "டொக்டர், இது தைரொயிட் இல்லையென்றால் இரத்தச்சோகை, பி12 பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஹஷிமோட்டோ உள்ளவர்களிடம் பி12 குறைபாடு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதால் அது நியாயமான கேள்வி. மாட்டேன் என்றால் காரணத்தைக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லலாம். டோஸ் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் வரை போகும், 60 கிலோவுக்கு ஏறக்குறைய 100. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 25 அல்லது அதற்கும் கீழே தொடங்குவார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் டோஸோடு ஒப்பிடாதீர்கள்.

பிள்ளைக்கு முயற்சிக்கிறவர்கள் முன்கூட்டியே கேட்கவேண்டியது, கர்ப்பம் உறுதியான அன்றே எவ்வளவு கூட்டுவது என்பது. வழக்கமாக வாரத்துக்கு 2 குளிசை மேலதிகம். கிளினிக் திகதி வரும்வரை காத்திருந்தால் முதல் வாரங்கள் போய்விடும்.

எதிர்த்திசையில் சுரப்பி கூடுதலாக வேலைசெய்யும் கிரேவ்ஸ் நோய்க்குக் கார்பிமசோல் போடுகிறவர்களுக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால், குளிசையை நிறுத்திவிட்டு அன்றே, இரவென்றாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். இந்த மருந்து அபூர்வமாக வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும்; வாசலிலேயே மருந்தின் பெயரைச் சொல்லி, வெள்ளணு எண்ணிக்கை பார்க்கக் கேளுங்கள். சொல்லாவிட்டால் பனடோலோடு அனுப்பிவிடக்கூடும்.